ஹீற் பம்புக்கு ஒரு சந்தனப் பொட்டு

செப்ரெம்பர் 9, திங்கள்

வீட்டை அளக்க ஓர் ஆள் வந்தான். பெயர் கிரெய்க். சிவப்புத் தாடி, பெரிய சப்பாத்து. அவன் பேசுவதும் ஆங்கிலம்தான் என்று என் கணவர் சிவா சத்தியம் செய்கிறார். கல்யாணமாகி ஸ்கொட்லாந்துக்கு வந்து பத்து மாதமாகியும் எனக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. நல்லவேளை சிவாவின் மகள் தூரிகா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள்.

இது கல்வீடு. நூறு வருடத்துக்கு முன் யாரோ மீன் வியாபாரி கட்டியதாம். சுவரின் தடிப்பைப் பார்த்தால் எதிரிப்படை வரும் என்று பயந்து கட்டியிருப்பான் போல. எண்ணெயில் ஓடிய பொயிலர் மாசி மாதம் உயிரை விட்டது. அன்றிலிருந்து சூடான இடம் என்று இருப்பது சமைக்கிற குசினி மட்டும்தான், அங்கே விறகுக் கணப்பு ஒன்று இருப்பதால். இந்த ஊர்க்காரர் கோடை என்று சொல்கிற அந்த இரண்டு கிழமையைத் தவிர, சிவாவும் நானும் தூரிகாவும் குசினியிலேயே குடியிருந்தோம். மேலே போவது படுக்க மட்டும்.

தூரிகாவுக்குப் பதினாறு வயது. தாய் தவறி ஐந்து வருடம். பிள்ளைக்கு ஆஸ்துமா, எங்கள் ஊரில் முட்டு என்போம். அவளுடைய அறைச் சுவரில் ஈரம் ஊறிக் கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. இன்னொரு மாரிக் குளிருக்கு அந்த அறையில் அவளைப் படுக்கவிட வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் ஹீற் பம்ப்.

வெளியே காற்றாடி வைத்த பெட்டி ஒன்று நிற்குமாம். அது வெளிக் காற்றிலிருக்கிற சூட்டை உறிஞ்சி உள்ளே அனுப்புமாம். வெளியில் எங்கே சூடு இருக்கிறது என்று கேட்டேன். எந்தக் குளிரிலும் கொஞ்சம் சூடு இருக்கும், குளிர்சாதனப் பெட்டியைத் தலைகீழாய் ஓட விட்டது போல என்று கிரெய்க் சொன்னதாகத் தூரிகா சொன்னாள். கல்லில் நார் உரிப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவன் ஐஸ்கட்டியில் உரிக்கிறேன் என்கிறான்.

செப்ரெம்பர் 15, ஞாயிறு

யன்னல்களால் குளிர் வருகிறது, தடித்த திரை வேண்டும் என்று கிரெய்க் சொல்லியிருந்தான். எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஊரில் நெல்லியடியில் நாலு மெஷின் போட்டுத் தையல்கடை நடத்தியவள் நான். இங்கே வந்து மிளகாய்த்தூள் வறுப்பதைத் தவிர வேறு கெட்டித்தனம் காட்ட வழியில்லாமல் இருந்தது.

குசினி மேசையில் ஒரு பக்கம் என் மெஷின். மறுபக்கம் தூரிகாவின் இரசாயனவியல். அவள் வாய்க்குள் முணுமுணுத்துத்தான் படிப்பாள். மாசியிலிருந்து கேட்டுக் கேட்டு சோடியம், பொட்டாசியம் எல்லாம் எனக்கு ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி ஆகிவிட்டன. நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. நடுவில் அவள் எழுந்து கணப்புக்கு ஒரு விறகு போடுவாள். நான் தேத்தண்ணி வைப்பேன். அவளுடைய அறை யன்னலை அவளே அளந்து கொண்டுவந்து தந்தாள். அந்த அறைக்குள் நான் போனதில்லை. வாசலில் நின்றால் எதிர்ச்சுவரில் தாயின் படம் தெரியும். நல்ல வடிவான மனிசி.

ஹீற் பம்ப் வந்தால் பிள்ளை மேலே இருந்து படிக்கலாம். நல்லது. அவளுடைய நெஞ்சுக்கு நல்லது. தனி மேசை இருக்கிறது. நல்லதுதான்.

செப்ரெம்பர் 27, வெள்ளி

வீடு முழுக்கத் துளை. கிரெய்க்கும் இன்னும் இரண்டு பேரும் குழாய்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி இறங்குகிறார்கள். மாடிப்படிக்குக் கீழே ஆளுயரத் தண்ணீர்த் தாங்கி. அறைக்கு அறை சூடு தருகிற புது றேடியேற்றர், பழையதைவிட இரண்டு மடங்கு பெரிது.

என் திரைகளைப் பார்த்து கிரெய்க் முதலில் புகழ்ந்தான். பிறகு அடியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். நிலம் தொட நீளமாகத் தைத்து, யன்னலுக்குக் கீழே இருக்கிற றேடியேற்றர்களை எல்லாம் மூடி வைத்திருக்கிறேன். சூடு முழுக்கத் திரைக்குப் பின்னால் கண்ணாடிக்குத்தான் போகுமாம். அளந்து பார், பிறகு வெட்டு என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தையல் படிப்பித்தவள். பின்னேரம் முழுக்க வெட்டி விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன். தூரிகா குண்டூசி எடுத்துத் தந்தாள். முகத்தில் சிரிப்பை மறைக்கப் பாடுபட்டாள்.

செப்ரெம்பர் 30, திங்கள்

ஓடத் தொடங்கிவிட்டது. வெளியே போய்ப் பார்த்தேன். காற்றாடி சுற்றுகிறது, சத்தம் பெரிதாக இல்லை. உள்ளே றேடியேற்றரில் கை வைத்தேன். காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது. இவ்வளவு கூத்தாடி இதுதானா என்று கேட்டுவிட்டேன். இது சுடாது, கை வைத்துப் பார்க்கிற சாமான் இல்லை, அறை எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்கவேண்டும் என்றான் கிரெய்க்.

போகும்போது ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொன்னான். நிற்பாட்டக் கூடாது. பழைய பொயிலர் மாதிரிப் போட்டு நூர்க்கிற விளையாட்டு இதோடு சரிவராது. கல்வீடு மெல்ல மெல்லத்தான் சூடு பிடிக்கும், ஒருக்கால் ஆறினால் திரும்பச் சூடாக நாள் எடுக்கும். மெதுவாக, இரவு பகலாக ஓடட்டும்.

இதைச் சிவாவைப் பார்த்துத்தான் சொன்னான். சிவா அறையை விட்டு வெளியே வந்தால் லைற்றை நூர்த்துவிட்டுத்தான் வருவார், உள்ளே நான் இருந்தாலும்.

ஒக்ரோபர் 3, வியாழன்

வீடு முழுக்கச் சூடு. நடைபாதையில், குளியலறையில், படிக்கட்டில், எங்கும் ஒரே மாதிரி. கம்பளிச் சட்டை இல்லாமல் நடமாடினேன். மந்திரம்தான்.

தூரிகா பள்ளியால் வந்து சாப்பிட்டுவிட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். சிவாவுக்குப் பஸ்சில் பின்னேர வேலை. கணப்பு மூட்டவில்லை, தேவை இல்லை.

மேசை பெரிதாகத் தெரிகிறது.

ஒக்ரோபர் 7, திங்கள்

நாலு மணிக்குத் தேத்தண்ணி போட்டு மேலே கொண்டுபோனேன். கதவு சாத்தி இருந்தது. வாசலில் ஒரு சின்ன முக்காலி வைத்து அதில் கோப்பையை வைத்து, ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிவிட்டேன். படிக்கிற பிள்ளையைக் குழப்பக் கூடாது. வெறும் கோப்பை பிறகு தானாகக் கீழே வந்தது, கழுவியபடி.

உள்ளே முணுமுணுப்புக் கேட்டது. என்ன பாடம் என்று விளங்கவில்லை.

ஒக்ரோபர் 11, வெள்ளி

ஆயுதபூசை. கடையில் இந்த நாளில் நாலு மெஷினையும் துடைத்து, எண்ணெய் விட்டு, ஊசியைக் கழற்றி, சந்தனம் குங்குமம் வைத்து வெள்ளைத் துணியால் மூடுவோம். விஜயதசமி வரைக்கும் ஒருத்தரும் மிதிக்கக் கூடாது. கலியாணச் சட்டை அவசரமாகக் கிடந்தாலும் கிடக்கட்டும். வருடம் முழுக்க உழைக்கிற சாமானுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டாமா?

இங்கே என் தையல் மெஷினுக்கு வைத்தேன். சிவாவின் காருக்கு வைத்தேன். தூரிகா தன்னுடைய கணினியைத் தானே கொண்டுவந்து சாமித்தட்டில் வைத்தாள். பிறகு இந்த வீட்டில் எல்லாரையும்விடக் கூட உழைக்கிறவர் வெளியே நிற்கிறார் என்று நினைவு வந்தது. பெட்டியைத் துடைத்து, நெற்றி என்று ஓர் இடத்தைத் தீர்மானித்து, சந்தனப் பொட்டு வைத்தேன். உள்ளே வந்து சுவிச்சை நூர்த்தேன். திரும்பப் போய்ப் பெட்டியை வெள்ளைத் துணியால் மூடினேன். பக்கத்து வீட்டு மனிதர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, செத்தவீடு என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றினார்.

கிரெய்க் நிற்பாட்டக் கூடாது என்றானே என்று சிவா இழுத்தார். ஒரு நாள்தானே, நாளைக்கு விஜயதசமி, போடலாம் என்றேன்.

பின்னேரம் வீடு ஆறத் தொடங்கியது. கணப்பை மூட்டினேன். முதலில் சிவா வந்தார். பிறகு தூரிகா போர்வையைச் சுற்றிக்கொண்டு புத்தகங்களோடு இறங்கி வந்தாள். தன் பழைய கதிரையில் இருந்தாள். அவல், கடலை, தேத்தண்ணி. புத்தகத்தை இன்றைக்குத் தொடக் கூடாது என்று சொன்னேன். அப்படியென்றால் கார்ட்ஸ் விளையாடலாம் என்றாள். சிவா கள்ளவிளையாட்டு விளையாடிப் பிடிபட்டார்.

ஒக்ரோபர் 12, சனி

விஜயதசமி. காலையில் நல்ல நேரத்தில் போடுவதாக இருந்தது. பொங்கலில் நின்றதில் நேரம் தவறிவிட்டது. பிறகு இராகுகாலம். பின்னேரம் போடலாமா என்று சிவா கேட்டார். சனிக்கிழமை பின்னேரத்தில் இயந்திரம் தொடங்குவது அவ்வளவு நல்லதில்லை என்று சொன்னேன். அப்படி ஒரு கணக்கு இருக்கத்தான் வேண்டும்.

தூரிகாவுக்குப் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. நாள் முழுக்கக் குசினியில். தன் பாவாடையின் இடுப்பைக் கொஞ்சம் பிடித்துத் தரச் சொன்னாள்.

ஒக்ரோபர் 13, ஞாயிறு

இன்றைக்கும் நாள் அவ்வளவு சரியில்லை. திங்கள் போடலாம்.

மூன்று பேரும் சேர்ந்து இடியப்பம் பிழிந்தோம்.

ஒக்ரோபர் 14, திங்கள்

காலையில் துணியை எடுத்து சுவிச்சைப் போட்டேன். மத்தியானமாகியும் சுவர்கள் கல்லாகவே இருக்கின்றன. மெஷின் ஓடுகிறது, வீட்டுக்கு விளங்கவில்லை. தூரிகா இரண்டு மூன்று தரம் இருமினாள். தொண்டை கரகரப்பு என்றாள்.

ஒக்ரோபர் 15, செவ்வாய்

விடியப்புறம் பிள்ளைக்கு முட்டு. வாசலில் நின்று பார்த்தால், படுக்கையில் எழும்பிக் குந்தியிருந்து, தோள் இரண்டும் ஏறி இறங்க மூச்சுக்குப் போராடுகிறாள். இன்ஹேலர் அடித்தும் கேட்கவில்லை. சிவா அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கிக் காரை எடுத்தார். நான் பின்சீற்றில் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு மருந்துப் புகை பிடிக்க விட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் இறங்கியது. மத்தியானம் வீட்டுக்கு விட்டார்கள்.

அறை குளிராக இருந்ததா என்று தாதி கேட்டாள். மெஷின் புதுசு, ஏதோ பிழை போல என்று சிவா சொன்னார். நான் பிள்ளையின் போர்வையை இழுத்து விட்டேன்.

மெஷினில் ஒரு பிழையும் இல்லை.

ஒக்ரோபர் 16, புதன்

வீடு சூடாகிவிட்டது. இரண்டு நாள் முழுதாக எடுத்தது, அவன் சொன்ன மாதிரியே. பிள்ளை மேலே நித்திரை கொள்கிறாள். மூச்சு சீராக இருக்கிறது. வாசலில் நின்று கேட்டேன்.

கிரெய்க்கைக் கூப்பிட்டு மெஷினைக் காட்டவேண்டும் என்று சிவா போனை எடுத்தார். வேண்டாம் என்று தடுத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். நேரமும் தவறவில்லை, நாளிலும் பிழை இல்லை. பஞ்சாங்கத்தை நான் விரித்தே பார்க்கவில்லை. பிள்ளை கீழே இருந்தாள், அதனால் போடவில்லை. அவ்வளவுதான்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அவளைக் கீழ வரச்சொல்லிக் கேட்டிருக்கலாமே," என்றார்.

"வரமாட்டன் எண்டு சொன்னால்?"

போனைக் கீழே வைத்தார்.

எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும். நான் பெறவில்லை, எனக்கு உரிமை இல்லை, எல்லாம் தெரியும். நாற்பத்தைந்து வயதில் முதன்முதலாக என் முன்னால் ஒரு பிள்ளை இருந்து படித்தது. அதற்காக அதன் மூச்சையே பறிக்கப் பார்த்தேனே. ஆசைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

ஒக்ரோபர் 31, வியாழன்

தீபாவளி. முறுக்கு, பயத்தம் பணியாரம். பக்கத்து வீட்டு மனிதருக்கும் கொடுத்தேன். வெளிப்பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். சுகமாக இருக்கிறதா என்று கேட்டதாகத் தூரிகா சொன்னாள்.

நவம்பர் 8, வெள்ளி

இன்று என்னை வைத்துச் சிரிக்க வீட்டுக்கு நல்ல விருந்து. விடிய நல்ல உறைபனி. குசினி யன்னலால் பார்த்தால் ஹீற் பம்பிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை. தீப்பிடித்துவிட்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடினேன். ஊற்றப் போகையில் மேல் யன்னலைத் திறந்து தூரிகா நிறுத்தச் சொன்னாள். உறைந்த பனியை மெஷின் தானே உருக்கிக்கொள்கிறதாம். புகை இல்லை, ஆவி. கிரெய்க் முதல் நாளே சொன்னானாம். சொல்லியிருப்பான். அன்றைக்கு நான் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேல் யன்னலில் அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். ஒரு இருமல் கூட இல்லை.

நவம்பர் 14, வியாழன்

தூரிகாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். கடைசித் தரம் ஊதியதைவிட எவ்வளவோ மேல் என்று தாதி பாராட்டினாள். அறைச் சுவரில் ஈரம் காய்ந்துவிட்டது என்று பிள்ளை சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, குடையை மடிப்பது மாதிரிக் குனிந்துகொண்டேன்.

திரும்பி வருகிற பஸ்சில் யன்னல் பக்கம் அவள். கடற்கரை வீதி வந்தபோது வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"விஜயதசமியண்டைக்கே மெஷினைப் போட்டிருக்கலாம் எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கே போனில பஞ்சாங்கம் பாத்தனான். இராகுகாலமும் பாத்தன்."

அவள் பக்கம் திரும்பினேன். "பிறகேன் பிள்ளை சொல்லேல்லை?"

"அந்த மூண்டு நாளும் நல்லா இருந்தது."

மன்னித்துக்கொள்ளம்மா என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். இறங்கும் வரைக்கும் அவளுடைய தோள் என் தோளில் சாய்ந்திருந்தது, பஸ் ஆடியதால் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களோடு மேலே போய்விட்டாள். நல்லா இருந்தது என்கிறாள், பிறகேன் இறங்கி வருகிறாள் இல்லை? கேட்கவேண்டும் என்று இரண்டு தரம் படியில் கால் வைத்தேன். அறையில் அவள் படிக்கிறாள், சுவரில் தாய் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். நடுவில் நான் போய் என்னத்தைக் கேட்பது?

நவம்பர் 20, புதன்

பெரிய பனி. பள்ளிக்கூடம் பூட்டு, பஸ்சும் ஓடவில்லை. சிவா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துவிட்டார். வீட்டுக்குள் வெளியே நடக்கிற எதுவும் தெரியவில்லை. நூறு வருடக் கல் இப்போதுதான் ஒரு மாதிரி மனம் இளகியிருக்கிறது.

நாலு மணிக்கு வழக்கம்போலத் தேத்தண்ணி கொண்டுபோனேன். முக்காலியைக் காணவில்லை. கோப்பையை நிலத்தில் வைக்கலாமா என்று குனிந்து யோசிக்கையில் கதவு திறந்தது. தூரிகா நின்றாள். முக்காலி உள்ளே அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது, மேலே ஒரு சின்ன மெத்தை போட்டு.

"ஒவ்வொரு நாளும் தட்டிப்போட்டு ஓடுறியள்," என்றாள். "நான் எழும்பிக் கதவைத் திறக்க நீங்கள் பாதிப் படி இறங்கிப் போயிடுவியள். ஹோட்டல்காரர் மாதிரி."

படிக்கிற பிள்ளையைக் குழப்பக் கூடாது என்று நினைத்ததாகச் சொன்னேன்.

"குசினியில நீங்கள் மெஷின் கடகடவெண்டு தைக்கத்தானே நான் படிச்சனான்."

நியாயம்தான். கோப்பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நான்தான் மாசக்கணக்கா ஒவ்வொரு நாளும் கீழ வந்தனான்," என்றாள். கோபம் இல்லை, ஆனால் கண் கலங்கி இருந்தது. "நீங்கள் ஒரு நாள்கூட மேல என்ரை அறைக்குள்ள வரேல்லை. வருவியள், வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

எதிர்ச்சுவரில் அவளுடைய தாய் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் தைத்த திரை யன்னலில் தொங்கியது, சரியாக றேடியேற்றருக்கு மேலே. உள்ளே போவதா, இவ்வளவு சொன்னதே போதும் என்று இறங்கிப் போய்க் குசினியில் அழுவதா என்று தெரியவில்லை. கோப்பையை அவளுடைய கையில் திணித்துவிட்டு, தடுமாற்றத்தில் வழக்கம்போலக் கதவை வெளியில் நின்று இழுக்கப் போனேன்.

"சூடு போகுது," என்றாள் தூரிகா. "உள்ள வந்து சாத்துங்கோ."

உள்ளே போய்ச் சாத்தினேன்.